இவனை நான் அறிவேன்

1

கொட்டாஞ்சேனையில் எங்கள் தமிழ்ச் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டை மேசைமேல் திறந்து வைத்துக்கொண்டு, ‘இந்தப் பெயரில் பதிவு எதுவும் இல்லை’ என்று ஓர் அரசாங்கக் கந்தோருக்கு நான் பதில் எழுதினேன். பதிவு என் கண்முன்னே இருந்தது. அதன் கீழே என் கையெழுத்தும் இருந்தது. அந்த ஒரு வரியால் சாமுவேல் என்பவனும் அவன் மனைவியும் குழந்தையும் கொழும்பை விட்டு அனுப்பப்பட்டார்கள். குழந்தை பிறகு இறந்துபோனது.

ஊர்ப் பத்திரிகையில் இதை வாசிக்கிறவர்களுக்கு என் பழைய கடிதங்கள் நினைவிருக்கலாம். துறைமுகத்து வெளிச்சவீடு, கறுவாத் தோட்டம், டிராம் வண்டி என்று வேடிக்கைகளை எழுதி அனுப்பிவந்தேன். ‘டி. பிள்ளை, கொழும்பு’ என்று கையெழுத்திட்டேன். அந்தப் பெயரும் பொய். என் பெயர் தேவசகாயம். பிள்ளை நானே ஒட்டிக்கொண்டது.

போன வருஷம் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கச்சேரிக்குப் போனேன். இங்கே கச்சேரி, கந்தோர் என்றெல்லாம் சொல்வது அலுவலகத்தை. இந்தியாவில் பிறந்தவர்கள், இந்த நாட்டில் நிலையாகக் குடியிருக்கிறோம் என்று காட்ட வேண்டும். மேசைக்குப் பின்னால் இருந்த சிங்கள எழுத்தர் நல்ல பிள்ளை. என் நரைத்த தலையைப் பார்த்து நாற்காலி கொடுத்தான்.

“மாத்தயா எப்ப வந்தது?” என்று, ஐயா என்பதற்கான சிங்களச் சொல்லால் மரியாதையாகக் கேட்டான்.

வருஷத்தைச் சொன்னேன்.

“அதுக்குக் கடதாசி இருக்கா?”

இல்லை. நான் வேலை பார்த்த கப்பல் கம்பெனியின் பழைய புத்தகங்கள் யுத்தத்தில் எரிந்துவிட்டன.

“அப்ப அந்தக் காலத்தில இருந்து மாத்தயாவைத் தெரிஞ்ச ஆள் ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. ஒரு ஆள் போதும்.”

நாற்பது வருஷம் வாழ்ந்த பட்டணத்தில் அந்த ஒரு ஆளை என்னால் காட்ட முடியவில்லை. ஒருவன் இருந்தான். அவனை நான்தான் அனுப்பினேன்.

2

திருச்செந்தூருக்குத் தெற்கே, செம்மண் தேரியில் ஒரு சிற்றூர் எங்களுடையது. என் தகப்பன் ஞானமுத்து பனையேறி. மிஷன் பள்ளிக்கூடம் என்னை மெட்ரிக்குலேஷன் வரை தூக்கிவிட்டது. தூத்துக்குடியில் கப்பல் ஏறி, கொழும்பில் வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறை. கீழே பீடிக் கடை. ஞாயிற்றுக்கிழமை சபை.

சில வருஷம் கழித்து சுடலை வந்தான். என்னைவிட ஐந்தாறு வயது இளையவன், பக்கத்து வீட்டுக்காரன். என் அம்மா கொடுத்தனுப்பிய கருப்பட்டிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, கப்பலிலிருந்து இறங்கி விசாரித்து விசாரித்து நேராக என் அறைக்கு வந்துவிட்டான். துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கும் வேலை கிடைத்தது. ஜிந்துப்பிட்டியில், இங்கே தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான வரிசை வீடுகளில் ஒன்றில் தங்கினான். ஞாயிறுதோறும் என்னோடு சபைக்கு வந்து கடைசி வாங்கில் உட்காருவான். ஒரு நாள், தானும் முழுக்குப் பெற வேண்டும் என்றான்.

எங்கள் சபையில் அப்போது இருந்த குருவானவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கப்பலில் இறங்குகிற எவனும் இந்தப் பட்டணத்தில் தன்னைப் பற்றி எதையும் சொல்லிக்கொள்ளலாம், கேட்க ஆளில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆகவே வயதுவந்தவர் ஞானஸ்நானம் பெறும்போது, அவரைச் சொந்த ஊரிலேயே அறிந்த ஒருவர் பதிவேட்டில் தன் கையாலேயே சாட்சி எழுத வேண்டும். எப்படி அறிவார், எந்த ஊர், யார் மகன் என்பது முழுக்க. நான் எழுதினேன்:

‘இந்தச் சுடலையைச் சிறு வயது முதல் நான் அறிவேன். என் தகப்பன் ஞானமுத்துவும் இவன் தகப்பனும் ஒரே தோப்பில் பனையேறுகிறவர்கள். இவன் பொய் சொன்னதை நான் கேட்டதில்லை. ஞா. தேவசகாயம்.’

சாமுவேல் என்று பெயர் வைத்தார்கள். அவனுக்கு எழுத்துத் தெரியாது. வலது பெருவிரலை மையில் தோய்த்து, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அழுத்தினான். பாளை சீவும் அரிவாள் எப்போதோ அந்த விரலைக் குறுக்கே பிளந்திருந்தது. ரேகைக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது.

“பாத்தீகளா அண்ணாச்சி,” என்று சிரித்தான், “என் கையெழுத்துக்குக் குறுக்கால வாய்க்கா ஓடுது.”

குருவானவரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைக்கூட என்னால் இப்போது நிம்மதியாக நினைக்க முடிவதில்லை.

3

பொய் ஒரே நாளில் வரவில்லை. கம்பெனியில் ஒருமுறை, பெயருக்குப் பின்னால் என்ன போடுவது என்று பெரிய எழுத்தர் கேட்டார். என் வாய் பிள்ளை என்றது. யாரும் சந்தேகப்படவில்லை. அடுத்து, காலமான தகப்பனார் என்ன வேலை பார்த்தவர் என்று கேட்டார்கள். பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியர் என்றேன். ஆசிரியராக்கியபின் அவருக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது, ஒரு தெரு வேண்டியிருந்தது, கொஞ்சம் நெல் நிலம் வேண்டியிருந்தது. எல்லாம் கொடுத்தேன். செத்துப்போன தகப்பனுக்கு அவர் காணாத சொத்தையெல்லாம் எழுதிவைத்த மகன் நான்.

சம்பளம் உயர்ந்ததும் வெள்ளவத்தைக்குக் குடிபோனோம். கடற்கரை ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், யாழ்ப்பாணத்து உத்தியோகக் குடும்பங்கள் நிறைந்த, ஒழுங்கை என்று சொல்லும் ஒரு சிறு தெரு. ஞாயிறு காலையில் ரயிலில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து டிராமில் கொட்டாஞ்சேனைச் சபைக்கு. மனைவி அங்கே வந்த மூன்றாம் வருஷம் இறந்தாள். அவள் தூத்துக்குடிக்காரி. உண்மை தெரிந்தவள். சாகுமுன் ஒருமுறை, “பிள்ளைக்காவது சொல்லிருங்க” என்றாள். சொல்லவில்லை.

என் ஒரே மகள் கிரேஸ், ஹெவ்லொக் டவுன் பக்கத்துப் பள்ளியில் இங்கிலீஷ் படித்தாள். வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ் பேசினாள். நான் ஆமா என்றால் அவள் ஓம் என்பாள். படுக்கப் போகுமுன், பாளையங்கோட்டை அப்பப்பாவின் ஆத்துமாவுக்காக அவள் ஜெபிப்பது சின்ன வயது வழக்கம். நான் பக்கத்தில் முழங்காலிட்டு ஆமென் சொல்வேன்.

அவளுக்குப் பேசி வந்த மாப்பிள்ளை துறைமுகக் கந்தோரில் எழுத்தர். நல்ல குடும்பம், எங்கள் ஒழுங்கையிலேயே வீடு. அவன் தகப்பனார் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி ஆளை அளக்கிறவர்.

அவரைப் பார்க்கப் புறப்பட்ட நாளில் கிரேஸ் என் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: “அப்பா, அங்க போய் ‘ஏல’ எண்டு கதைச்சுப்போடாதேங்கோ. அவையள் சிரிப்பினம்.”

“கதைக்க மாட்டேன் அம்மா.”

பெரியவர் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார். “பிள்ளை, உங்கட ஆக்கள் பாளையங்கோட்டையில எந்தப் பக்கம்?”

தெருவைச் சொன்னேன்.

“எனக்கு அங்க படிப்பிச்ச சிநேகிதர் ஒருத்தர் இருக்கிறார். எழுதிக் கேட்கலாம் எண்டு யோசிக்கிறன்.” என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். “பகிடிக்குச் சொல்லுறன். இந்தியாவில இருந்து வாற எல்லாரும் தங்களைப் பிள்ளை எண்டுதான் சொல்லுகினம். கடல் தண்ணி பட்டால் எல்லாரும் வேளாளர்தான், என்ன?”

நானும் சிரித்தேன். கோப்பை தட்டில் மோதி ஓசை எழுப்பியது. வெளியே ரயில் போனதால் அது கேட்கவில்லை என்று நம்பினேன்.

அந்த நாட்களில் நான் சபையின் செயலாளர். பதிவேடுகள் என் பொறுப்பில். சாமுவேல் இன்னும் கடைசி வாங்கில்தான். ஜிந்துப்பிட்டியிலேயே பிறந்த மரியாளைக் கட்டியிருந்தான், கைக்குழந்தை இருந்தது. மற்றவர்கள் முன்னால் என்னைப் “பிள்ளை ஐயா” என்று அழைப்பான். அப்போது அவன் உதட்டோரம் லேசாக அசையும். அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு பயந்தேன். அவனுடைய ஒரு சொல் போதும், என் தகப்பனின் வீடும் தெருவும் நிலமும் இடிந்து விழ.

என்னை முழுக்க அறிந்தவன் இந்தப் பட்டணத்தில் அவன் ஒருவன். கடவுளும் அறிவார் என்று ஞாயிறுதோறும் சொல்லிக்கொண்டோம். ஆனால் நான் கடவுளை நம்பியது தெருமுனையில் நிற்கும் போலீஸ்காரனை நம்புவது போல. இருக்கிறார், பார்க்கிறார், இன்னும் பிடிக்கவில்லை.

4

உலக யுத்தம் தொடங்கிய வருஷம், அரசாங்கத் துறைகளில் தினக்கூலிக்கு இருந்த இந்தியர்களை நிறுத்தி ஊருக்கு அனுப்ப உத்தரவு வந்தது. பல காலத்துக்கு முன்பே வந்தவர்கள் அதை நிரூபித்தால் வேலையில் இருக்கலாம். அண்மையில் வந்தவர்களுக்குக் கப்பல்தான். அதே சமயத்தில் இந்திய சர்க்காரும், கூலி வேலைக்கு இனி யாரும் இலங்கை போகக்கூடாது என்று தடை போட்டது. போனவன் திரும்ப வழியில்லை.

சாமுவேல் எப்போதோ வந்தவன். ஆனால் அதற்கு அவனிடம் இருந்த ஒரே அத்தாட்சி ஞானஸ்நானப் பதிவு. கந்தோரில் அதைச் சொன்னான். அவர்கள் சபைக்கு எழுதினார்கள்: இன்ன பெயருடையவருக்கு இன்ன காலத்தில் ஞானஸ்நானம் நடந்ததா, நடந்திருந்தால் சாட்சியின் கூற்று உட்பட முழு நகல் தேவை, சாட்சி உயிரோடிருந்தால் நேரில் வர வேண்டும்.

கடிதத்தின் கீழே, கோப்பைக் கவனிக்கும் எழுத்தரின் கையெழுத்து. மாப்பிள்ளையின் கையெழுத்து.

கிரேஸின் நிச்சயதார்த்தத்துக்குப் பதினோரு நாள் இருந்தது.

சனிக்கிழமை பிற்பகல் சாமுவேல் வந்தான். கோயிலை ஒட்டிய அறையில் நான் தனியே இருந்தேன். சுத்தமான வேட்டி, தலையில் எண்ணெய். நகக்கண்ணில் மட்டும் நிலக்கரி.

“அண்ணாச்சி, கடுதாசி வந்துட்டாமே?”

“வந்துச்சு.”

“நம்ம பொஸ்தகத்துல இருக்குல்லா? நீங்க எழுதுனதுதான. எனக்கு இன்னும் காதுல கேக்கு, பாதிரி ஐயரு வாசிச்சது. பொய் சொல்லாதவன்னு எழுதினியளே!” சிரித்தான். “மரியாள்ட்ட எத்தன தடவ சொல்லிருப்பேன். அவ நம்புதாளில்ல.”

பதிவேடு மேசைமேல் அந்தப் பக்கத்திலேயே திறந்து கிடந்தது. காலையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூடியிருக்கலாம். அவனுக்கு எழுத்துத் தெரியாது என்ற தைரியம். திறந்த புத்தகத்தைக் காட்டிச் சொன்னால் அவன் நம்புவான் என்று கணக்குப் போட்டேன். புத்தகத்தை அவன் பக்கம் திருப்பி, பக்கத்தின் மேலிருந்து கீழே விரலை ஓட்டினேன்.

“தேடிப் பார்த்துட்டேன் சாமுவேல். அந்த வருஷத்துல உன் பேரு இல்ல. அன்னைக்கு வேற புத்தகத்துல எழுதியிருப்போம்போல, அது தொலைஞ்சிருக்கும்.”

அவன் குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான் என்று இப்போது தெரிகிறது. அப்போது, எழுத்துத் தெரியாதவன் எழுத்தைப் பார்க்கிற பார்வை என்று நினைத்தேன். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அறையில் ஈரப் பலகையின் வாசனை. வெளியே துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது.

“இல்லையா அண்ணாச்சி?”

“இல்ல.”

“நேர்ல வந்து ஒரு வார்த்த சொல்ல முடியாதா? என்னத் தெரியும்னு?”

“பதிவு இல்லாம நான் என்னத்தச் சொல்ல?”

அவன் தலையாட்டினான். வாசல்வரை போய்த் திரும்பினான். “தங்கச்சி கல்யாணம் எப்ப?” என்றான். கிரேஸைத்தான் கேட்டான். சொன்னேன். “நல்லா நடக்கட்டும்” என்றான்.

அவன் போனபின் பதிலை எழுதி, சபை முத்திரையைக் குத்தினேன். கை நடுங்கவில்லை. அதை இங்கே எழுதிவைக்க வேண்டும். கொஞ்சமும் நடுங்கவில்லை.

5

கோட்டை ரயில் நிலையத்தில், இந்தியாவுக்குக் கப்பல் ஏறப் போகும் தலைமன்னார் வண்டியில் அவர்களை ஏற்றினார்கள். செயலாளர் என்ற முறையில் நானும் சபை சார்பில் வழியனுப்பப் போனேன். மரியாள் என்னைப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து ஜிந்துப்பிட்டியைத் தாண்டாதவள், பார்த்திராத ஓர் ஊருக்குப் போகிறாள். குழந்தை ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டிருந்தது. வண்டி நகரும்போது சாமுவேல் என் கையைப் பிடித்தான்.

“வருத்தப்படாதிய அண்ணாச்சி. கர்த்தருக்குத் தெரியும்.”

அவன் ஆறுதலாகச் சொன்னான். அவனுக்கு அது ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். எந்தக் கந்தோரிலும் பதிவில்லாத ஒருவன், தன்னை அறிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கடல் தாண்டினான். அதே வார்த்தை என் முதுகில் குளிர்ந்த கையை வைத்தது. நிலையத்திலிருந்து வெளியே வரும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. ஆறு மாதம் கழித்து யாரையோ கொண்டு எழுதிய ஓர் அட்டை வந்தது. ஊருக்கு வந்த முதல் மழையிலேயே காய்ச்சல் கண்டு குழந்தை போய்விட்டது, ஜெபித்துக்கொள்ளவும் என்று இரண்டே வரி. நான் அதைச் சபையில் வாசித்து ஜெபிக்கச் சொன்னேன். எல்லோரும் ஜெபித்தார்கள். என்னால் முடியவில்லை. யாரிடம் என்ன சொல்வது? அவருக்குத்தான் தெரியுமே.

அதற்குப் பின் அந்தப் பதிவேடு இருக்கும் அலமாரியை நான் திறக்கவில்லை. திறவுகோல் என் சட்டைப்பையில் கிடந்தது. ஒரு தடவை சவரக் கத்தியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போனேன், பக்கத்தை அறுத்துவிட. அலமாரிமுன் நின்றபோது, அறுத்தாலும் அந்த இடத்தில் ஒரு வெட்டு இருக்கும், அது யார் கண்ணிலாவது படும் என்று தோன்றியது. கத்தியோடு திரும்பினேன்.

யுத்த காலத்தில் ஓர் ஈஸ்டர் ஞாயிறு காலை ஜப்பான்காரன் விமானங்கள் வந்தன. எங்கள் கோயில் துறைமுகத்துக்குப் பக்கம். ஆராதனை நடுவில் குண்டுகள் விழத் தொடங்கின. ஜன்னல் கண்ணாடி உதிர்ந்தது. ஜனங்கள் வாங்குகளுக்கு அடியில் குப்புற விழுந்து இயேசுவே இயேசுவே என்றார்கள். கிரேஸ் மாசமாக இருந்தாள். அவள் அன்று வெள்ளவத்தையில், அவள் மாமனார் வீட்டில். நான் அவளுக்காக ஜெபித்திருக்க வேண்டும்.

நான் ஜெபித்தது வேறு. ‘ஆண்டவரே, அந்த அறையில் விழட்டும். அந்த அலமாரி எரியட்டும்.’ வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் கிடந்த கிழவி நான் ஜீவனுக்காகக் கெஞ்சுகிறேன் என்று நினைத்து ஆமென் என்றாள்.

அறையில் விழவில்லை. அலமாரியின்மேல் காரைத்தூள் மட்டும். அன்று மற்றவர்களின் ஜெபத்தைக் கேட்டவர் என்னுடையதையும் கேட்டிருக்கிறார் என்று, தூளைத் துடைக்கும்போது புரிந்தது. அதுவரை அவர் என் பொய்களை மட்டும் அறிவார் என்று எண்ணியிருந்தேன். அதற்கும் கீழே, எனக்கே தெரியாமல் இருந்த ஒன்றை அவர் முன்பே அறிந்திருந்தார். குண்டு விழுந்ததைவிட அது பெரிய பயம்.

6

கச்சேரிக்குப் போய்வந்த மறுநாள்தான் அலமாரியைத் திறந்தேன். மனந்திரும்பித் திறக்கவில்லை. எழுத்தர் கேட்ட அத்தாட்சிக்காகத் திறந்தேன். நான் அந்த வருஷத்திலேயே கொழும்பில் இருந்தேன் என்பதற்கு மிச்சமிருந்த ஒரே ஆதாரம், சாமுவேலுக்காக நான் எழுதிய சாட்சி. அவனுக்கு நான் மறுத்த பக்கம் இப்போது எனக்குத் தேவைப்பட்டது.

நகல் எடுக்கப் பேனாவைத் திறந்தேன். ‘சிறு வயது முதல் நான் அறிவேன்’ என்ற இடம்வரை எழுதினேன். அதற்குமேல் எழுத முடியவில்லை. நெடுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒரு பக்கம் கடவுளிடம் இருக்கும். அதில் பனையேறி ஞானமுத்துவும் இருப்பார், முத்திரை குத்திய பதிலும் இருக்கும், ஈஸ்டர் ஜெபமும் இருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு, ‘இவன் பெயரில் பதிவு இல்லை’ என்று சொல்ல எத்தனை நியாயம் உண்டு! நான் சாமுவேலுக்குச் செய்ததை அவர் எனக்குச் செய்திருக்கலாம். இத்தனை வருஷம் செய்யவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நற்கருணையின் அப்பமும் திராட்சரசமும் என் கைக்கு வந்துகொண்டுதான் இருந்தன. எல்லாம் தெரிந்தே வந்தன.

போலீஸ்காரன் என்று நினைத்திருந்தவர், என்னைப் பிடிக்க நிற்கவில்லை போலும். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றுதான், அறிமுகம் செய்துகொள்ளாமல், பெயருக்குப் பின்னால் எதையும் ஒட்டாமல் ஜெபித்தேன்.

அடுத்த ஞாயிறு, அறிவிப்புகள் வாசிக்கும் நேரத்தில், கடைசி அறிவிப்பாக அந்தப் பக்கத்தை வாசித்தேன். பிறகு நான் எழுதிய பதிலை வாசித்தேன். பிறகு குழந்தை இறந்த அட்டையை. கடைசி வாங்கில் இருந்த துறைமுகத்துக் கிழவர் ஒருவர் எழுந்து வெளியே போனார். இப்போதைய குருவானவர் என் காதோரம், “இதை என்னோட தனியாக் கதைச்சிருக்கலாமே” என்றார்.

திங்கட்கிழமை சம்பந்தி வந்தார். உட்காரவில்லை. “அப்பவே கேட்டனான். பல்லைக் காட்டிச் சிரிச்சுப்போட்டு இருந்தனீர்.”

“ஓம்” என்றேன்.

“என்ர மகன்ர கையெழுத்து அந்தக் கடிதத்தில கிடக்கு. அவன்ர கையாலயே அந்தச் சனத்தை அனுப்பியிருக்கிறான், உம்மட பொய்யை நம்பி. அவன் ராத்திரி சாப்பிடேல்லை.”

அதை நான் யோசித்ததே இல்லை.

கிரேஸ் அன்று மாலை வந்தாள். அழுத முகம். “அந்த மனிசனுக்கு நீங்கள் செய்தது ஒரு பக்கம். எனக்கு? இல்லாத ஒரு பாளையங்கோட்டை அப்பப்பாவுக்காக நான் எத்தனை வருசம் ஜெபிச்சனான்? பக்கத்தில இருந்து ஆமெனும் சொன்னீங்கள்.”

“அது யாருக்கு என்று கடவுளுக்குத் தெரிந்திருக்கும் அம்மா. உன் தாத்தாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.”

“அவருக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது,” என்றாள். குடையை எடுத்துக்கொண்டு போனாள். இன்றுவரை வரவில்லை.

7

பதிவின் முழு நகலையும், சாமுவேல் குடும்பம் திரும்பிவர அனுமதி கோரும் மனுவையும் தயாரித்துக்கொண்டு, தலைமன்னார் வண்டியேறினேன். அவன் விரலடையாளம் மனுவுக்கு வேண்டும். நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

முப்பது வருஷத்துக்குப் பின் தேரியில் கால் வைத்தேன். என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஞானமுத்து மகன் என்றதும் தெரிந்துகொண்டார்கள். சாமுவேல் மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். அந்த வயதிலும் ஏறுகிறான். நெஞ்சு முழுக்கத் தழும்பு.

“ஏ, பிள்ளை ஐயா!” என்றான். அதே உதட்டோரம்.

மரத்தடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும், இதைப் பத்திரிகைக்குக் கடிதமாக எழுதப்போவதையும் சொன்னேன். மரியாள் குடிசை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தலை முற்றும் நரைத்திருந்தது. சொல்லி முடித்ததும் சாமுவேல் தன் வலது பெருவிரலை என் முன்னால் நீட்டினான்.

“இதுக்குக் குறுக்கால வாய்க்கா ஓடுதுல்லா அண்ணாச்சி. பொஸ்தகத்த நீங்க திருப்பிக் காட்டும்போதே பாத்துட்டேன். எழுத்துத்தான் தெரியாது. என் வெரலு எனக்குத் தெரியாதா?”

“அன்னைக்கேவா?” என்றேன்.

“அன்னைக்கேதான்.”

“ஏன் சொல்லல? கந்தோருல போய்ச் சொல்லியிருக்கலாமே. மாப்பிள்ளைகிட்டயே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா தங்கச்சி கல்யாணம் நின்னுரும்லா. உங்க மூஞ்சியப் பாத்தேன். செத்தவன் மூஞ்சி மாதிரி இருந்துச்சு. சரி போவட்டும்னு வந்துட்டேன். பிள்ள போவும்னு தெரிஞ்சா…” விரலால் மணலைக் கிளறத் தொடங்கினான்.

என்னை முழுக்க அறிந்தவன், நான் அவனைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அறிந்தவன், ரயிலில் என் கையைப் பிடித்தான். கடவுளைப் பற்றி நான் கேட்ட எத்தனையோ பிரசங்கங்கள் அந்த விரலுக்குமுன் ஒன்றுமில்லாமல் போயின.

மரியாள் அப்போதுதான் பேசினாள். குரல் உயரவில்லை.

“இவரு கர்த்தருக்குத் தெரியும், கர்த்தருக்குத் தெரியும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. எனக்கும் தெரியும். இவரு என்கிட்ட வண்டியிலேயே சொல்லிட்டாரு. அதையும் உங்க கடுதாசியில எழுதிக்கங்க. மரியாளுக்கும் தெரியும்னு.”

குழந்தையைப் புதைத்த இடத்தைக் காட்டச் சொன்னேன். “வேணாம்” என்றாள். “நீங்க அங்க வரவேணாம்.”

சாமுவேல் மனுவில் விரலை அழுத்தினான். அதே வெள்ளைக் கோடு. கீழே நான் எழுதினேன்: இவனைச் சிறு வயது முதல் நான் அறிவேன். என் தகப்பன் பெயரையும் அவர் தொழிலையும் எழுதினேன். கை நடுங்கியது.

கொழும்பு திரும்பி மனுவைக் கொடுத்தேன். கச்சேரிக்கு என் காரியமாக நான் மறுபடி போகவில்லை. வாக்காளர் பட்டியலில் என் பெயர் இல்லை. அது இப்போது பெரிதாகப் படவில்லை. கொட்டாஞ்சேனையில் கடைசி வாங்கில், சாமுவேலின் இடத்தில் உட்காருகிறேன். பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

மனுவுக்குப் பதில் நேற்று வந்தது. பழைய கோப்புகளைப் பார்த்தார்களாம். அதில் சபையின் முத்திரையோடு ஒரு கடிதம் இருக்கிறதாம். பிந்திய எந்த நகலையும்விட அக்காலத்துச் சான்றே செல்லுமாம். கடைசியில், ‘ஆகவே இந்தப் பெயரில் பதிவு எதுவும் இல்லை’ என்று முடிகிறது. சொல்லுக்குச் சொல் நான் எழுதிய வரி.

இதைத் தபாலில் அனுப்பினால் யாரோ வாசித்துச் சொல்வார்கள். நான் அருகில் இருக்க வேண்டியதில்லை. ஆனால் தலைமன்னார் வண்டிக்கு வியாழக்கிழமைக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். சாமுவேல் மரத்திலிருந்து இறங்கி வந்து என்னைப் பிள்ளை ஐயா என்பான். மரியாள் வாசலில் நிற்பாள். நான் யார் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடிதத்தை அவள் முன்னால்தான் வாசிக்கப் போகிறேன்.